ஏழு கரைகளின் காற்றெண்

வேணுஜா கட்டிய பொதி நாற்பத்தெட்டுக் கிலோபைட். நான் கட்டியது இரண்டு மெகாபைட்டுக்கும் கொஞ்சம் கூட. அழகு, நிறம், வாய்க்கிற மாப்பிள்ளை என்று எரிச்சல்படுவதற்கு ஊரில் ஆயிரம் காரணம் இருக்க, எனக்கு வந்து வாய்த்தது கிலோபைட்.

என் பெயர் றொஷேல். ஊர் பேசாலை, வயது முப்பத்திரண்டு. மன்னார் ரவுனில் ஒரு மாடிக் கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே ஒரு பாமசி, வாசலில் எந்நேரமும் இரண்டு கழுதைகள், மேலே நாங்கள். ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடத்திய காற்று எச்சரிக்கைத் திட்டம் அது. தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை என்று ஏழு கரைகள். கரைக்கு ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் காற்றை அளக்கிற கிண்ணங்கள், அடியில் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கணினி. காற்று ஒரு எண்ணைத் தாண்டி ஐந்து நிமிடம் அப்படியே நீடித்தால் அந்தப் பெட்டி சங்கை ஊதும். மின்சாரச் சங்கு, ஊர் முழுக்கக் கேட்கும். சங்கு ஊதினால் போட் இறங்காது.

பெட்டி ஒரு பாவப்பட்ட சாமான். போனில் எடுத்த ஒரு நல்ல படத்தை வைப்பதற்குக்கூட அதற்குள் இடம் காணாது. அதன் சிப்பும் வேறு வகை. எங்கள் லப்டொப்பில் ஓடுவது அதில் ஓடாது. ஆகவே லப்டொப்பில் இருந்தபடியே அந்தச் சிப்புக்கு விளங்குகிற விதமாக நிரலைக் கட்ட வேண்டும். எந்தக் கோப்பு எங்கே போய் இருக்க வேண்டும், மின்சாரம் போய் வந்தால் எது தானாக எழும்ப வேண்டும் என்ற குறிப்பெல்லாம் சேர்த்து ஒரு பொதியாகச் சுற்ற வேண்டும். பிறகு அதைப் பெட்டிக்கு அனுப்பி நிறுவ வேண்டும். ஏழு பெட்டிக்கும் முதற்பொதியைக் கட்டியவள் நான். தனியாக, ஒருவரிடமும் கேட்காமல், யூரியூப்பையும் மாதாவையும் மட்டும் நம்பிக் கட்டினேன். கரைகளில் அதற்கு 'றொஷேலின்ரை சங்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

வாரத்துக்கு ஒருமுறை அது விறைத்துப்போய் நிற்கும் என்பது உண்மைதான். யாராவது பிளக்கைக் கழற்றிக் கொழுவினால் சரியாகிவிடும். அதற்கென்று ஒவ்வொரு கரையிலும் ஒருவரைப் பழக்கி வைத்திருந்தேன். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பிள்ளை என்றால் காய்ச்சல் வரத்தான் செய்யும்.

என் பெருமை பொதியில் இல்லை, எண்களில். எந்தக் காற்றுக்கு எத்தனையில் சங்கு ஊத வேண்டும் என்பது கரைக்குக் கரை வேறு. பேசாலை வடக்கே பார்த்த கரை. வடக்கிலிருந்து வருகிற வாடைக்காற்று மணிக்கு இருபத்தெட்டுக் கிலோமீற்றர் என்றாலே அங்கே பிளாஸ்ரிக் போட் பிரண்டுவிடும். தெற்குக் காற்றான சோளகம் தரை வழியாக வருவதால் நாற்பதிலும் பயமில்லாமல் இறங்குவார்கள். வங்காலை தெற்கே பார்த்தது, அங்கே எல்லாம் தலைகீழ். இந்த எண்களைக் காலநிலைக் கந்தோர் தராது. போட்டும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டிமாரின் கரையோர வாடிக் கொட்டிலில் போய்க் குந்தியிருந்து, வெறுந்தேத்தண்ணி குடித்து, அவர்கள் ஆளையாள் ஏசி முடியும்வரை பொறுத்திருந்து வாங்க வேண்டும். வங்காலையில் இரண்டு எண்ணுக்கு மூன்று மணித்தியாலம் சண்டை நடந்தது. இப்படி இரண்டு வருசம் பஸ்ஸில் திரிந்து, ஒவ்வொரு பெட்டியிலும் லப்டொப்பைக் கொழுவி, கையாலேயே எண்களைத் தட்டிவிட்டு வந்தேன். கந்தோரில் அதற்குப் பிரதி இல்லை. என் கொப்பியில் மட்டும் இருந்தது. முதல் வருசம் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருசம், இது என் கையில் மட்டும் இருப்பது நல்லதுதான் என்று எனக்கே தோன்றியது. கேட்டால்தானே அந்தோனியாரே கொடுப்பார், கேளாததைக் கொடுக்க எனக்கென்ன விசரோ?

ஏப்ரல் மாதம் வேணுஜா வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது. இலுப்பைக்கடவைப் பக்கம் வீடு. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், தகப்பன் வயலில் கூலிக்குப் போகிறவர். கடல் அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடுதூரம், ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் கடலில் கால் வைத்ததில்லை. கம்பசில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்திருந்தாள். ரவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கி, இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

முதல் வாரம் அவள் என் நிரலை வாசித்தாள். வேறொன்றும் செய்யவில்லை, ஐந்து நாளும் வாசித்தாள். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்திலாவது சிரிப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சண்டையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தாள்.

"அக்கா, இது நினைவகத்தை எடுக்குது, ஆனா திருப்பிக் குடுக்குதில்லை. அதாலைதான் கிழமைக்கு ஒருக்கா நிக்குது. நான் ஒருக்கா வேறை மாதிரி எழுதிப் பாக்கட்டோ?"

அவ்வளவுதான். இரண்டு வருசமாக நான் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே வசனத்தில் வியாதி என்று சொல்லிவிட்டாள். எழுதிப் பார் என்று சிரித்தபடி சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவோடு சும்மா ஒரு காரணத்துக்குச் சண்டை பிடித்தேன்.

ஒக்டோபர் கடைசியில் அவளுடைய பொதி தயாராகிவிட்டது. அமிர்தநாயகம் சேர்தான் எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பு. அறுபது வயதாகியும் சின்னப்பிள்ளையைப் போலச் சந்தோசப்படுகிற மனுசன். வேணுஜா சாப்பிடப் போயிருந்த நேரம் என்னை அவளுடைய கணினிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"றொஷேல், இஞ்சை பார். நாப்பத்தெட்டு! இருபது நாளா ஓடுது, ஒருக்காக்கூட நிக்கேல்லை!"

"நல்லது சேர்" என்றேன். அந்த 'நல்லது' தொண்டைக்குள் மீன்முள்ளாகக் குத்தியது.

இதற்குள் இன்னொரு விசயமும் இருந்தது. எங்கள் இருவருடைய ஒப்பந்தமும் டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியிலிருந்து ஒரே ஒரு நிரந்தர இடம். இரண்டு பேருக்கு ஒரு கதிரை. சேர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் அவர் 'நாப்பத்தெட்டு' என்று சொன்ன தொனியிலேயே அந்தக் கதிரையை அவளுக்குத் துடைத்து வைத்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை ஏழு பெட்டிக்கும் புதுப்பொதியை ஏத்தச் சொல்லி சேர் சொல்லுறார். பெட்டியளுக்குள்ளை நீங்கள் கையாலை மாத்தின கோப்பு ஏதும் கிடக்கோ? கிடந்தா சொல்லுங்கோ, பாதுகாக்கிற பட்டியல்லை சேர்த்துவிடுறன்."

அந்தப் பட்டியல் ஒரு சின்ன விசயம். பொதிக்குள் இரண்டு வரி. இந்தக் கோப்பில் கை வைக்காதே, உள்ளதை உள்ளபடி விடு என்று நிறுவும்போது சொல்கிற வரி. அது இல்லாவிட்டால் புதுப்பொதியோடு வருகிற கோப்பு பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் இருந்துகொள்ளும். அவளுடைய கோப்பில் எல்லாக் கரைக்கும் எல்லாக் காற்றுக்கும் ஒரே எண், நாற்பது. கந்தோரில் இருந்த சோதனைப் பெட்டியில் அதுதான் இருந்தது. அவளுக்கு வேறு எண்கள் இருப்பதே தெரியாது. எப்படித் தெரியும்? அவளிடம் ஆர் சொன்னது?

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எண்களைக் கேட்பாள். நானும் கொடுக்க வேண்டும். வங்காலைச் சண்டையும் வெறுந்தேத்தண்ணியும் இரண்டு வருசப் பஸ்ஸும் அவளுடைய நாற்பத்தெட்டுக்குள் போய்க் கிடக்கும். பிறகு என்னிடம் என்ன மிச்சம்?

"ஒண்டும் இல்லை" என்றேன். "எல்லாம் பொதியோடை வந்ததுதான்."

"சரியக்கா" என்று கதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சேர் நீட்டிய பரிசோதனைத் தாளில், பொதியை வாசித்தேன், பிழை இல்லை என்று என் கையாலேயே ஒப்பம் வைத்தேன்.

என் திட்டம் இதுதான். திங்களோ செவ்வாயோ பேசாலையில் வாடை முப்பதுக்கு அடிக்கும், சங்கு ஊதாது. சம்மாட்டிமார் வானத்தைப் பார்த்தே போட்டை நிறுத்திவிட்டு, என்ன உங்கடை சங்கு செத்துப்போச்சோ என்று சேரை ஏசுவார்கள். சேர் தலையில் கை வைப்பார். நான் கொப்பியோடு போய் நிற்பேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, கிலோபைட் வேறு கடல் வேறு என்று எல்லாருக்கும் விளங்கும். பொறாமை வந்தவளுக்குப் புத்தி குறையும் என்பார்கள். அது பொய். புத்தி நன்றாகத்தான் ஓடும், ஓடுகிற திசைதான் பிழை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏற்றத் தொடங்கினாள். அடுத்த நாள் ஞாயிறு, எங்கள் கரைகளில் கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஏதாவது பிழைத்தாலும் திருத்த ஒரு நாள் கிடைக்கும் என்று சேர்தான் அந்த நாளைத் தெரிவு செய்தார். கரையின் பெயரைத் தட்டுவாள், பொதி போகும், நிறுவுகிறது என்று ஒரு வரி வரும், முடிந்தது என்று இன்னொரு வரி வரும். பத்துச் செக்கன். தலைமன்னார் போனது. பேசாலை போனது. ஒவ்வொரு கரையாக என் எண்கள் அழிந்துகொண்டு வருவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்காலையும் போனது. வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், சேர் வாங்கி வந்த றோல்ஸைக் கடித்தேன்.

கடைசியாக ஒரு பூட்டும் போட்டாள். சேர் சொல்லிச் செய்தது. இனிமேல் கந்தோர்க் கணினியிலிருந்து மட்டும்தான் பெட்டிகளுக்குள் போகலாம். ஏழு கரையிலும் இரண்டு செக்கன் சங்கை ஊதிப் பார்த்தார்கள், ஏழும் ஊதின. சேர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

ஞாயிறு காலைப் பூசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எல்லோரும் நன்மை எடுக்க, பீடத்தடியில் அப்பம் வாங்க எழும்பினார்கள். நான் எழும்பவில்லை. அம்மாவின் பெயர் எடித். ஆமி செக்பொயின்றில் நின்றவர்களைவிடக் கூர்மையான கண் அவருக்கு. போய் நன்மை எடுத்துவிட்டு வந்து முழங்காலில் நின்றபடியே கேட்டார்.

"ஏன் நீ போகேல்லை?"

"சும்மாதான்."

"சும்மா நன்மை எடுக்காமல் இருக்கிற ஆளோ நீ? ஆரோடை சண்டை?"

"ஒருத்தரோடையும் இல்லை, செபத்தைச் சொல்லுங்கோ."

கோயில் வாசலில் என் தம்பி டிலக்‌ஷன் ரொபின்சன் மாமாவோடு கதைத்துக்கொண்டு நின்றான். ரொபின்சன் மாமா சம்மாட்டி, தம்பி அவருடைய போட்டில்தான் போகிறான். விடிய மூன்று மணிக்கு இறங்குவது பற்றிக் கதை. நான் போனை எடுத்து வானிலையைப் பார்த்தேன். திங்கள் விடிய வாடை முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தைந்து.

"மாமா, நாளைக்கு வாடை கூடவாம். வானத்தைப் பாத்துப் போங்கோ" என்றேன், சாதாரணமாகச் சொல்வதுபோல.

அவர் பெரிதாகச் சிரித்தார். "வானத்தையோ? வானத்தைப் பாத்து எத்தினை நாள் பிள்ளை! அந்தப் பழக்கமெல்லாம் விட்டாச்சு. உன்ரை சங்கு ஊதினா நிப்பம், ஊதாட்டிப் போவம். இந்த ரெண்டு வருசத்திலை ஒரு நாளும் அது பொய் சொல்லேல்லை. உன்னை நம்பித்தானே இவங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போறன்."

டிலக்‌ஷன் பக்கத்தில் நின்று சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். கணக்குப் போட்டதெல்லாம் சரி, இந்த மனுசர் என்னை நம்புவதை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துபோனேன்.

நேரே கரைக்குப் போனேன். பெட்டியில் லப்டொப்பைக் கொழுவினேன். ஒருவருக்கும் தெரியாமல் பேசாலைக்கு மட்டுமாவது எண்ணைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆம், பேசாலைக்கு மட்டும். மற்ற ஆறு கரையும் அந்த நேரம் என் ஞாபகத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி என்னை உள்ளே விடவில்லை. மூன்று முறை தட்டினேன், மூன்று முறையும் அனுமதி இல்லை என்றது. நான் பெற்ற பெட்டிக்கு நான் அந்நியமாகிப்போனேன். அவளுடைய பூட்டு நல்ல பூட்டு.

வேறு வழி இல்லை. சேருக்கு எடுத்தேன்.

"சேர், ஒரு பிழை கண்டுபிடிச்சிட்டன். பொதியிலை. பாதுகாக்கிற பட்டியல் இல்லை, கரையளின்ரை எண்ணெல்லாம் அழிஞ்சு போச்சு. விடியமுன்னம் மாத்த வேணும்."

கண்டுபிடித்துவிட்டேனாம்! என் வாய் அந்த நேரத்திலும் எவ்வளவு கெட்டித்தனமாகச் சொல்லைத் தெரிந்தெடுத்தது என்று பாருங்கள்.

"மாதாவே! நல்ல காலம் பிள்ளை நீ பாத்தது! நீ வா, நான் வேணுஜாவைக் கூப்பிடுறன்."

வெள்ளிக்கிழமை நான் வைத்த ஒப்பம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பதினொன்றரைக்கு மூன்று பேரும் கந்தோரில் நின்றோம். சேர் வீட்டில் உடுக்கிற சாரத்தோடேயே வந்திருந்தார். வேணுஜா தோய்த்த உடுப்புக் காயாமல், ஒரு பழைய சட்டையில், கையில் சவர்க்கார மணத்தோடு வந்தாள். படியேறி வந்தவள் ஒன்றும் கேட்காமல் கணினிக்கு முன்னால் இருந்தாள்.

"எண்ணைச் சொல்லுங்கோ அக்கா."

கொப்பியைத் திறந்து சொன்னேன். பேசாலை, வாடை இருபத்தெட்டு, சோளகம் நாற்பத்திரண்டு. வங்காலை, வாடை நாற்பது, சோளகம் முப்பது. ஒவ்வொன்றாகத் தட்டினாள். தட்டியதைத் திருப்பி வாசித்துக் காட்டினாள். விடத்தல்தீவில் நான் மேற்குக் காற்றான கச்சானையும் சோளகத்தையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். "அக்கா, கரை மேற்குப் பாத்ததெல்லோ, மாறிச் சொல்லுறீங்கள்போலை" என்று அவள்தான் நிறுத்தினாள். கடலில் கால் வைக்காத பிள்ளை! பொதிக்குள் அந்த இரண்டு வரியைச் சேர்த்தாள், திரும்பக் கட்டினாள், ஏழு பெட்டிக்கும் ஏற்றினாள், ஒவ்வொரு பெட்டியையும் அணைத்து எழுப்பி எண் நிற்கிறதா என்று பார்த்தாள். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. எண்கள் எல்லாம் இடத்தில் நின்றன. தம்பியும் மாமாவும் ஏழு கரைச் சனமும் தப்பிவிட்டார்கள். நானும் தப்பிவிட்டேன்.

சேர் கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"இதுக்குத்தான் சொல்லுறது, கடல் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு. றொஷேல், ஜனவரியைப் பற்றி நான் ரெண்டு மனசாத்தான் இருந்தனான். இனி யோசிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை." பிறகு வேணுஜாவின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அது இன்னும் மோசம். "கெட்டிக்காரிதான் நீ. ஆனா உந்தப் பெட்டியளுக்குள்ளை என்ன கிடக்கெண்டு றொஷேலிட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே பிள்ளை? ஒரேயொரு வார்த்தை."

வேணுஜாவின் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. நிமிரவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லப்போகிறாள், கேட்டனான் சேர், அக்கா இல்லை எண்டவ என்று சொல்லப்போகிறாள். நான் மறுக்க வேண்டும். மறுப்பதற்கு வார்த்தை கூட வாய்க்குள் தயாராக இருந்தது. செவ்வாய்க்கிழமை வேறு விசயம் கேட்டாள் என்று சொல்லலாம். சேர் என்னைத்தான் நம்புவார்.

அவள் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்" என்றாள்.

என்னைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எவ்வளவு பெரிய மனது என்று அதற்கும் ஒரு எரிச்சல் கிளம்பியது. பிறகு அவளுடைய முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அதில் பெரிய மனது ஒன்றும் இல்லை. கடையில் மிச்சக்காசு பிழையாகத் தந்தாலும், பஸ்ஸில் எழும்பி இடம் விடச் சொன்னாலும், இங்கே தன் சொல் எடுபடாது என்று தெரிந்த ஆட்கள் வைத்திருக்கிற முகம் அது. அவள் எனக்காகப் பேசாமல் இருக்கவில்லை. அப்படிப் பேசாமல் இருந்து அவளுக்குப் பழக்கம். சேர் ஆரை நம்புவார் என்று எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் ஒப்பம் வைத்ததை நம்பியவள், இப்போது சேர் தன்னை நம்பமாட்டார் என்பதை நம்பிக்கொண்டு இருந்தாள்.

"கேட்டவ, சேர்" என்றேன்.

சேர் திரும்பிப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை கேட்டவ. கையாலை மாத்தின கோப்பு கிடக்கோ எண்டு வடிவாக் கேட்டவ. நான்தான் இல்லை எண்டனான். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். சனிக்கிழமை பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டும் நிண்டனான்."

"ஏன் பிள்ளை?"

மறதி என்று சொல்லியிருக்கலாம். வேலைப்பளு என்று சொல்லியிருக்கலாம்.

"எரிச்சல், சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். திரும்பப் போட்டார். என்னைப் பார்க்காமல், "நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அவர் நாளைக்கு என்ன கதைப்பார் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் கதைத்தார். நான் இப்போது பேசாலையில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். திங்கள் விடிய இரண்டு மணி நாற்பதுக்குச் சங்கு ஊதியது, ஒரு போட்டும் இறங்கவில்லை. உப்புத் தின்றவள் தண்ணீர் குடித்தாள், அதில் முறைப்பாடு ஒன்றும் இல்லை.

சேர் போன பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். வேணுஜா கதிரையை மெதுவாக என் பக்கம் திருப்பினாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் சுகமாக இருந்திருக்கும், எனக்கு ஏச்சு வாங்கவும் தெரியும், திருப்பிக் கொடுக்கவும் தெரியும்.

"என்னிலையோ?" என்றாள்.

"என்ன?"

"எரிச்சல் எண்டனீங்களே. என்னிலையோ?"

"ஓம். உன்னிலைதான்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் நக்கலடிக்கிறேனோ என்று தேடினாள்.

"என்னட்டை அப்பிடி என்னக்கா கிடக்கு?"

உண்மையாகவே கேட்டாள். நான் சொன்னது என்னவென்று அவளுக்கு விளங்கவேயில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த எட்டு மாதமும் சேர் அவளைப் புகழ்ந்ததெல்லாம் என்னிடம்தான். அவள் சாப்பிடப் போன நேரம், போன் எடுக்க வெளியே போன நேரம். அவளிடம் பொதி சரியோ, எப்ப முடியும் என்று மட்டும் கேட்பார். நான் ஒரு நாளும் அவளிடம் நல்லது என்று சொன்னதில்லை. வீட்டில் சொல்ல அவர்களுக்கு இந்த வேலை என்னவென்றே தெரியாது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அதைத்தான் விரும்பினேன் என்று சொன்னால் பொய்யில்லை.

"கணினியிலை பிழைச்செய்தி வந்தா நீ அதைக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பாய்" என்றேன். "நான் முதல் வரியிலையே கோவிச்சுப்போடுவன். ஒண்டு தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுவாய், சொல்லேக்கை உன்ரை குரல் இறங்காது. உன்ரை நிரலை நான் வீட்டை கொண்டுபோய் நாலு தரம் வாசிச்சனான், பிழை பிடிக்கத்தான். எடுத்து எறியிறதுக்கு ஒரு வரி கிடைக்கேல்லை. எட்டு மாசமா ஒரு வரி தேடுறன்."

வாய் கசந்தது. ஒவ்வொன்றும் உள்ளே கிடந்து எரிந்ததுதான், வெளியே வரும்போதும் எரித்துக்கொண்டுதான் வந்தது. குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. சங்கு ஊதுவதற்கு முன்னால் அவள் வைத்த சின்ன இடைவெளி, மின்சாரம் போய் வந்தால் பெட்டி நேரத்தைத் தானே கேட்டுத் திருத்துகிற விதம், இன்று விடத்தல்தீவில் என் பிழையை என் மனம் நோகாமல் பிடித்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

வேணுஜா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றையும் மறுக்கவில்லை, ஒன்றுக்கும் நன்றி சொல்லவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"இன்னும் கிடக்கோ?" என்று கேட்டாள்.

"கிடக்கு" என்றேன்.

"சொல்லுங்கோ."